கூட்ட நாளில் கேளிக்கைப் பூங்கா: பயப்படும் துணையை ராட்டினத்தில் ஏற்றலாமா?

பதிவு 1: மாங்கூழ்க்காரர், காவேரிப்பட்டணம்

அனைவருக்கும் வணக்கம். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, திருமணமாகி 22 ஆண்டுகளில் முதன்முறையாக நானும் என் மனைவியும் மட்டும் ஒரு முழு நாளை எங்களுக்கென்று ஒதுக்கி, பெங்களூருப் பக்கம் உள்ள ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்று வந்தோம். பூங்காவின் பெயரை எழுதவில்லை. நான் கேட்கப்போவது எந்தப் பூங்காவுக்குச் சென்றாலும் எழக்கூடிய கேள்விதான்.

அரையாண்டு விடுமுறை என்பதால் கூட்டம் இருக்கும் என்று தெரிந்தே விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினோம். சூளகிரி வரை பனிமூட்டம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அத்திப்பள்ளி தாண்டி வண்டியிலேயே உண்டு முடித்தோம். வாயில் திறக்கும் நேரத்துக்கே சென்றுவிட்டோம் என்றாலும், எங்களுக்கு முன்பே பள்ளிப் பேருந்துகள் வரிசையாக நின்றிருந்தன.

நான் செய்த முதல் தவறு கொலம்பஸ். திருவிழாக்களில் கப்பல் போல ஆடுமே, அதன் பெரிய வடிவம். வரிசை குறைவாக இருந்ததால், "வா, ஒன்றும் ஆகாது, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லி மனைவியின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, நன்றாக இருக்கும் என்று கப்பலின் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். மூன்றாவது ஆட்டத்திலேயே அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்று அழத் தொடங்கினாள். நிறுத்தச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இறங்கியதும் வாந்தி எடுத்தாள். முகம் கழுவி, நிழலில் ஒரு பெஞ்சில் அமர்ந்து, "நீங்க போய் ஏறிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றாள்.

இரண்டாவது தவறு, அந்த வார்த்தையைக் கேட்டு நான் உண்மையிலேயே கிளம்பிப் போனது. ரோலர் கோஸ்டர் வரிசையில் நின்று, ஆலையில் கன்வேயரில் போகும் கூடைகளைக் கணக்கெடுக்கும் பழக்கத்தில் கணக்கிட்டேன். ஒரு ரயிலில் 16 பேர். 3 நிமிடத்துக்கு ஒரு ரயில். ஆக மணிக்கு 320 பேர். கம்பித் தடுப்பின் ஒரு மடிப்பில் ஏறத்தாழ 40 பேர் வீதம் ஆறு மடிப்புகள், 240 பேர், 45 நிமிடம். சரி என்று நின்றேன். நான்காவது மடிப்பை எட்டியபோது, ஆட்களோடு ஏறிக்கொண்டிருந்த ரயில் சரிவின் பாதியில் நின்றுவிட்டது. அரை மணி நேரத்துக்கும் மேலாக எவரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. கைப்பேசிகள் இரண்டும் லாக்கரில். நான் இறங்கி வந்தபோது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பெஞ்ச் காலியாக இருந்தது.

மேலும் இருபது நிமிடம் தேடி, ஜெயண்ட் வீல் அருகே அவளைக் கண்டேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்துச் சென்றேன். அவளோ தடுப்புக்கு வெளியே நின்று, காலியான இருக்கை ஒன்றில் தொங்கிய பெல்ட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தையல் கடை வைத்திருப்பவள். "பாருங்க, நாலு பக்கமும் பெட்டி போலத் தைச்சு, நடுவிலே பெருக்கல் குறி போட்டிருக்காங்க. நூல் பிரியவே பிரியாது" என்றாள். பிறகு அவளாகவே, "இதுலே ஏறலாம்" என்றாள். ஏறினோம். மேலே சென்றதும் என் கையைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கொலம்பஸ் அழுகை என் காதில் இருக்கிறது. என் கேள்வி இதுதான். இருவரில் ஒருவருக்கு ஆசையும் மற்றவருக்குப் பயமும் இருந்தால், கூட்டம் நிரம்பிய ஒரு நாளை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது? தைரியம் சொல்லி ஏற்றுவது எதுவரை சரி? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதிவு 2: பாகலூர் சாலை, ஓசூர்

ஐயா, நான் இயந்திரப் பொறியாளன். உங்கள் மனைவியார் கொலம்பஸில் பட்ட துன்பத்துக்கு அவருடைய பயம் மட்டும் காரணமில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த இருக்கையும் காரணம். கப்பலின் நடுவில் இருப்பவர் அவ்வளவு உயரம் எழுவதில்லை. ஓரத்தில் இருப்பவர் மிக உயரம் எழுந்து, திரும்பி இறங்கும் நொடியில் உடல் எடையே இல்லாதது போல உணர்கிறார். வயிறு தொண்டைக்கு வருவதாகச் சொல்கிறோமே, அது அந்த நொடிதான். முதன்முறை ஏறுபவரை நடுவரிசையில்தான் அமர்த்த வேண்டும். ரோலர் கோஸ்டரிலும் இப்படித்தான். கடைசிப் பெட்டி உச்சியைத் தாண்டும்போது முன்பெட்டிகள் ஏற்கெனவே வேகமாக இறங்கிக்கொண்டிருப்பதால், அதை இழுத்து வீசும். நடுப்பெட்டி சாந்தமானது.

ரயில் பாதியில் நின்றதைப் பற்றியும் ஒரு சொல். அது பெரும்பாலும் ஆபத்தின் அறிகுறி அன்று. தண்டவாளம் முழுவதும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரே நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்க அனுமதி. முன்னால் உள்ள பகுதி காலியாகிவிட்டது என்று உணரி (சென்சார்) உறுதி சொல்லாவிட்டால், பின்னால் வரும் ரயிலைக் கட்டுப்பாட்டுக் கணினி தானாக நிறுத்திவிடும். ஏறும் நிலையத்தில் ஒரு பயணி பெல்ட் மாட்டத் தாமதித்தாலும் இது நடக்கும். சங்கிலியில் ஏறும்போது கேட்கும் "டக் டக்" ஓசை, ரயில் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் பல் ஒவ்வொன்றாக விழுந்து பிடிக்கும் ஓசை. சங்கிலியே அறுந்தாலும் அந்தப் பல் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் அரை மணி நேரம் காரணம் சொல்லாமல் மக்களை நிறுத்தி வைத்தது அந்தப் பூங்காவின் பெரிய குறை. அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

பதிவு 3: வத்தல்மலைக் காற்று, தருமபுரி

உங்கள் பதிவைப் படித்து நெகிழ்ந்தேன், ஐயா. ஆனால் உள்ளபடி சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். "ஒன்றும் ஆகாது" என்ற சொல்லைப் பெண்கள் பல இடங்களில் கேட்டுக் கேட்டு, மறுத்தால் எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடுமே என்பதற்காக ஒப்புக்கொள்ளப் பழகியிருக்கிறோம். உங்கள் மனைவியார் கப்பலில் ஏறியது சம்மதத்தால் அன்று, உங்கள் ஆசையைக் கெடுக்கக் கூடாது என்ற எண்ணத்தால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "நீங்க போய் ஏறிட்டு வாங்க" என்றதும் அதே எண்ணம்தான்.

என் கணவரும் நானும் மூன்று பூங்காக்களுக்குச் சென்றிருக்கிறோம். எங்கள் வீட்டில் ஆசை எனக்கு, பயம் அவருக்கு. முதல் பயணத்தில் அவர் என் கைப்பையைக் காவல் காத்தே நாளை முடித்தார். இரண்டாம் பயணத்திலிருந்து ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். கூட்ட நாளில் ஐந்தாறு பெரிய விளையாட்டுகளுக்கு மேல் எவராலும் ஏற முடியாது என்பதால், எனக்கு மட்டுமான இரண்டை நான் தேர்ந்தெடுக்கிறேன். வாயில் திறந்தவுடன், வரிசை நீளும் முன்பே அவற்றை முடித்துவிடுகிறேன். அந்த நேரத்தில் அவர் துணி மாற்றும் அறை, லாக்கர், உணவகம் ஆகியவை எங்கெங்கே உள்ளன என்று பார்த்து வருகிறார். மற்றவை எல்லாம் இருவருக்கும் பிடித்தவை: மெதுவாக மிதந்து செல்லும் ஆற்றுப்படகு, அலைக்குளம், சிறு ரயில்.

நீர் விளையாட்டுக்குச் செல்லும் பெண்களுக்கு ஒன்று. பருத்திச் சுடிதாரையும் சேலையையும் பெரும்பாலான பூங்காக்களில் அனுமதிப்பதில்லை. பருத்தியின் நூல்பிசிறு நீர் வடிகட்டிகளை அடைத்துவிடும் என்பதே காரணம். முழுக்கை, முழுக்கால் உள்ள நைலான் உடை கிருஷ்ணகிரி, தருமபுரிக் கடைகளிலேயே கிடைக்கிறது. அங்கே போய் வாடகைக்கு எடுத்து, அளவு பொருந்தாமல் கூசிக்கொண்டே நடப்பதைவிட ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு 4: மாரண்டஅள்ளி நண்பன்

சகோதரி வத்தல்மலைக் காற்று சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் முழுவதும் ஏற்க முடியவில்லை. என் மனைவி உயரம் என்றாலே நடுங்குபவர். மொட்டை மாடியின் ஓரத்துக்குக்கூட வரமாட்டார். மேலிருந்து நேராக விழும் கோபுர விளையாட்டின் முன் நான் கால் மணி நேரம் பேசித்தான் அவரை ஏற்றினேன். இறங்கியதும் அவர் சொன்ன முதல் சொல், "இன்னொரு தடவை". அன்று நான் பேசாமல் இருந்திருந்தால் அந்த மகிழ்ச்சி அவருக்குக் கிடைத்திருக்காது. கொஞ்சம் தூண்டுதல் இல்லாமல் நம்மில் பலர் பல நல்ல அனுபவங்களின் வாசலிலேயே நின்றுவிடுகிறோம். தூண்டுவதையே தவறு என்று சொல்லிவிட வேண்டாம்.

பதிவு 5: வத்தல்மலைக் காற்று, தருமபுரி

அண்ணா, நீங்கள் கால் மணி நேரம் பேசினீர்கள், அவர் கால் மணி நேரம் கேட்டார், பிறகு தாமாக ஏறினார். அதை நான் குறை சொல்லவே இல்லை. கையைப் பிடித்து இழுப்பதைத்தான் சொல்கிறேன். வரிசையின் முடிவில், பின்னால் நூறு பேர் நிற்க, பணியாளர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லும் இடத்தில் ஒருவரிடம் சம்மதம் கேட்பது சம்மதம் கேட்பதாகாது. பேச்சு வரிசையில் சேரும் முன்பே முடிந்திருக்க வேண்டும். மேலும், பெரும்பாலான பூங்காக்களில் ஏறும் மேடை வரை சென்ற பிறகும் மனம் மாறினால், இருக்கையைக் கடந்து அந்தப் பக்க வழியாக இறங்கிவிடலாம். இதைப் பலர் அறிவதில்லை. "மேடை வரை வா, பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் இறங்கிவிடு" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

பதிவு 6: செவிலி, பென்னாகரம்

பயம் வேறு, உடல்நிலை வேறு என்பதை இங்கே பிரித்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கருவுற்றிருப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கழுத்து அல்லது முதுகெலும்பில் கோளாறு உள்ளவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் வேகமான விளையாட்டுகளில் ஏறவே கூடாது. வாசலில் இது பலகையாக எழுதி வைக்கப்பட்டிருக்கும். கூட்டத்தில் எவரும் படிப்பதில்லை. ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நாற்பதைத் தாண்டிய வயதாக இருக்கும் என்பதால், செல்வதற்கு முன் ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. நாள்தோறும் மாத்திரை போடுபவர்கள் விடியற்காலைப் பயணத்தின் அவசரத்தில் அதை மறந்துவிடுகிறார்கள்.

வாந்தி வந்ததற்குப் பலவீனம் காரணமன்று. நாம் எப்படி அசைகிறோம் என்பதை உட்செவியில் உள்ள திரவம் மூளைக்குச் சொல்கிறது. கண் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. கண்ணைத் திறந்து, தொலைவில் அசையாமல் நிற்கும் ஒன்றை, ஒரு மலையையோ கட்டடத்தையோ, பார்த்துக்கொண்டிருந்தால் குறையும். தலையை இருக்கையின் முதுகோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வயிறு முட்டக் களி உண்டுவிட்டும் ஏறக் கூடாது, வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது. சிறிது இட்லியோ வாழைப்பழமோ உண்டு அரை மணி நேரம் கழித்து ஏறலாம். பயண வாந்திக்கான மாத்திரைகள் பலவும் தூக்கத்தை வரவழைப்பவை. அன்று வண்டி ஓட்டுபவர் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

பதிவு 7: ராட்டினக்காரர் மகன், பாலக்கோடு

என் தந்தை 30 ஆண்டுகள் திருவிழா ராட்டினம் ஓட்டியவர். மாசி மாத மயானக்கொள்ளை முதல் ஆடிப்பெருக்கு வரை ஊர் ஊராகச் சென்றிருக்கிறோம். ஐயாவின் மனைவியார் பெல்ட்டின் தையலைப் பார்த்து நம்பிக்கை பெற்றார் என்று படித்தபோது என் தந்தையின் நினைவு வந்துவிட்டது. அவர் ராட்டினத்தை நிறுத்தியதும் முதலில் மரச்சட்டத்தை மண்ணில் அழுத்திப் பார்ப்பார். இரவு மழை பெய்திருந்தால் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். பிறகு ஒவ்வொரு தொட்டிலையும் தாங்கும் ஊசிக்குக் குறுக்கே, அது கழன்றுவிடாமல் பிடிக்கும் காட்டர் பின் இருக்கிறதா என்று கையால் தடவிக்கொண்டே சுற்றி வருவார். கண்ணால் பார்க்க மாட்டார், தடவுவார். ஆள் ஏற்றும் முன் மணல் மூட்டைகளை வைத்து இரண்டு சுற்று ஓட்டி, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பார். பேரிங் காய்ந்திருந்தால் வரும் கீச்சொலி அவருக்கு உடனே தெரியும்.

ஆளை ஏற்றுவதிலும் ஒரு முறை உண்டு. எடை ஒரு பக்கமாகச் சேராதபடி எதிரெதிர்த் தொட்டில்களை நிரப்புவார். எவராவது மேலே போய் அலறினால், அடுத்த சுற்றில் அவர்களைக் கீழே நிறுத்தி இறக்கிவிடுவார். காசையும் திருப்பிக் கொடுப்பார். "பயந்தவனை மறுபடி மேலே தூக்கினா அவன் அடுத்த வருஷம் வரமாட்டான்" என்பார். பெரிய பூங்காவின் இயந்திரத்தில் அந்த வசதி இல்லை. பொத்தானை அழுத்திவிட்டால் நிரல் முடியும்வரை அது ஓடும். ஆகவே பயம் உள்ளவர்கள் முதலில் ஊர் ராட்டினத்தில் ஏறிப் பழகுவது நல்லது என்பது என் கருத்து. அங்கே ஓட்டுபவரின் கண் உங்கள் முகத்தின் மேல் இருக்கும்.

பதிவு 8: பாகலூர் சாலை, ஓசூர்

ராட்டினக்காரர் மகன் எழுதியது அருமை. பெரிய பூங்காவிலும் நாள்தோறும் காலையில் ஆளில்லாமல் ரயிலை ஓட்டிப் பார்த்த பிறகே மக்களை ஏற்றுவார்கள். ஆனால் ஒரு செய்தியில் சிறு திருத்தம் வேண்டும்: அங்கேயும் இயக்குபவரிடம் அவசர நிறுத்தப் பொத்தான் உண்டு. ஆனால் ஆடும் கப்பலையோ ஓடும் ரயிலையோ இயற்பியல் அனுமதிக்கும் வேகத்தில்தான் நிறுத்த முடியும்.

நண்பர் குறிப்பிட்ட விழும் கோபுரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலருக்கு அதிகப் பயம் அதில்தான். 20 மீட்டர் தடையின்றி விழ 2 நொடி ஆகும். அப்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். "மின்சாரம் போய்விட்டால்?" என்று என் மனைவி கேட்டார். இவ்வகைக் கோபுரங்கள் பலவற்றில் நிறுத்துவது மின்சாரம் அன்று. இருக்கைகள் உள்ள வண்டியில் மின்சாரம் தேவைப்படாத நிலைக்காந்தங்களும், கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் செம்புத் தகடுகளும் இருக்கும். காந்தம் தகட்டைக் கடக்கும் வேகத்தாலேயே தகட்டில் சுழல் மின்னோட்டம் பிறந்து, விழுவதை எதிர்க்கிறது. வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடுகிறது. ஊரே இருளில் மூழ்கினாலும் அதன் வேகம் அடங்கியே தீரும். ரோலர் கோஸ்டரின் சக்கரங்களும் அப்படி யோசித்து அமைக்கப்பட்டவைதான். தண்டவாளத்தின் மேல் ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று. மூன்றும் குழாயைக் கவ்விக்கொண்டிருப்பதால் ரயில் மேலே எழும்பிக் கழன்றுபோக இடமில்லை.

தலைகீழ்ச் சுற்று முழு வட்டமாக இல்லாமல் நீர்த்துளி வடிவில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1895-இல் அமெரிக்காவில் வட்டமாகக் கட்டிய சுற்று பயணிகளின் கழுத்தைப் பாதித்தது. 1976-இல் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் நீர்த்துளி வடிவத்தில் அமைத்த பிறகுதான் தலைகீழ்ச் சுற்று உலகெங்கும் பரவியது. இவற்றை என் மனைவிக்கு வரிசையில் நிற்கும்போதே காட்டிக் காட்டிச் சொன்னேன். ஐம்பது நிமிடமும் அவருக்குப் பயத்தை வளர்க்கும் நேரமாக இல்லாமல் போயிற்று.

பதிவு 9: மாங்கூழ்க்காரர், காவேரிப்பட்டணம்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். தருமபுரிச் சகோதரி எழுதியதைக் கேட்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க சொல்றது சரிதான்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அழுததைவிட, பெஞ்சில் தனியாக இருந்த அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான் தனக்குக் கடினமாக இருந்தது என்று அவள் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. கையில் கைப்பேசியும் இல்லை, காசும் இல்லை, தண்ணீர் வாங்கக்கூட வழியில்லை. ரயில் நின்றதும் வரிசையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். மூன்று மடிப்பு நின்றுவிட்டோமே என்ற எண்ணம் என்னைப் பிடித்து வைத்தது.

அடுத்த முறை பிரியும்போது இடமும் நேரமும் சொல்லிவிட்டே பிரிவோம், லாக்கர் சாவி அவளிடமே இருக்கும், பணத்தை இருவரும் பிரித்து வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

பதிவு 10: மாங்கூழ்க்காரர், காவேரிப்பட்டணம்

ஆறு மாதம் கழித்து இதே இழையில் எழுதுகிறேன். ராட்டினக்காரர் மகன் சொன்னபடி, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குச் சென்றபோது ராட்டினத்தின் அருகே போனோம். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் இரண்டு சுற்று நின்று பார்த்தாள். ஓட்டுபவர் எதிரெதிர்த் தொட்டில்களை நிரப்புகிறாரா என்று எனக்குக் கேட்கும்படி எண்ணினாள். ஊசிகளில் பின் இருக்கிறதா என்று ஒவ்வொரு தொட்டில் கீழே வரும்போதும் குனிந்து பார்த்தாள். பிறகு அவளே சீட்டு வாங்கினாள்.

உச்சிக்குப் போனபோது கண்ணை மூடவில்லை. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை நேர் எதிரே தெரிந்தது. சுற்று முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியதும் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த கொலம்பஸைக் காட்டி, "நடு வரிசை காலியா இருக்கா பாருங்க" என்றாள். காலியாக இல்லை. நின்றோம்.